வெட்டப்பட்ட இரண்டு பத்திகள்: தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆண்டு மலர்க் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

சென்ற சனிக்கிழமை ஆண்டு விழா முடிந்ததும் மண்டப வாசலில் மலரை வாங்கிக்கொண்டு வந்து, காருக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு முதலில் தேடியது ஒரே ஒரு கட்டுரையைத்தான். என் ஏழாம் நிலை மாணவி ‘எங்கள் ஊர் கார்’ என்ற தலைப்பில், இங்கே டெட்ராய்ட் பகுதியில் பிறந்த ஃபோர்டு கார் நிறுவனத்தைப் பற்றி எழுதியது. பதின்மூன்று வயதுப் பெண். ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்காக உழைத்தவள். அவள் எனக்குக் கொடுத்த கையெழுத்துப் படியில் ஏழு பத்திகள் இருந்தன. மலரில் இருப்பவை ஐந்து.

பக்கம் போதாமல் குறைத்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எஞ்சிய ஐந்திலும் ஒரு பத்தி அவளுடையது இல்லை. “தொழிலாளர்கள் மீது கொண்ட அன்பினால் ஹென்றி ஃபோர்டு அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டாலர் சம்பளம் கொடுத்தார். அதனால் அனைவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்” என்று அங்கே அச்சாகியிருக்கிறது. இந்த வாக்கியங்களை அவள் எழுதவில்லை. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் கட்டுரைக்குக் கீழே அவள் பெயர்தான் இருக்கிறது, பக்கத்தில் சிரித்த முகத்துடன் அவள் படமும்.

அன்றிரவே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நம் பெற்றோரில் பலர் அந்த நிறுவனத்தில் பணிபுரிகிறார்கள், குழந்தைகள் மலரில் சாவும் வெறுப்பும் வேண்டாம், பிழைக்க வந்த ஊரில் நமக்கு இந்த வம்பு தேவையில்லை என்று மூன்று வரிகளில் பதில் வந்தது. அந்த மூன்று வரிகளையும் பலமுறை படித்துவிட்டேன். ஏற்க முடியவில்லை. தனி மடலில் சொன்னால் அப்படியே அடங்கிப்போகும் என்பதால் பெற்றோர் அனைவரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் ஃபோர்டின் எதிரி இல்லை. என் வீட்டு வாசலில் நிற்பது ஃபோர்டு வண்டிதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் புறநகரில் கார்த் தொழிலின் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வு என் வேலை. அதற்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பயிற்சியாளனாக லைனில் நின்றிருக்கிறேன். ஷிஃப்ட் முடியும்போது முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மரத்துப்போயிருக்கும். அதனால் ‘அசெம்பிளி லைன்’ என்ற சொல் என் காதில் வெறும் கண்டுபிடிப்பின் பெயராக விழுவதில்லை.

அந்தக் கண்டுபிடிப்பின் பெருமையை என் மாணவி குறைத்தும் எழுதவில்லை. முதல் மூன்று பத்திகளைப் பாருங்கள், அவற்றை நீங்கள் தொடவில்லை. 1903 ஜூனில் 28,000 டாலர் ரொக்கத்துடன் தொடங்கிய நிறுவனம் என்று எழுதியிருக்கிறாள். 1908 அக்டோபரில் வந்த மாடல் டி முதலில் 850 டாலர், 1925-இல் 260 டாலர். மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டிகள். டெட்ராய்ட் பிக்கெட் அவென்யூவில் மாடல் டி பிறந்த பழைய ஆலை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே வகுப்பையே அழைத்துப் போனேன். மரத்தளத்தில் நடந்தபோது காலடியில் எழுந்த சத்தத்தைக்கூட அவள் குறித்துவைத்திருந்தாள். ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913-இல் வண்டிகள் நகர, ஆட்கள் ஓரிடத்தில் நின்று வேலை செய்யும் முறை வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த, வண்டியின் அடிச்சட்டத்தை (சேசிஸ்) பூட்டும் வேலை 93 நிமிடத்துக்கு இறங்கியது. உழவனும் பள்ளி ஆசிரியரும் கார் வாங்க முடிந்தது. இவ்வளவையும் அவள் வியந்துதான் எழுதினாள்.

நீங்கள் மாற்றியெழுதிய நான்காம் பத்திக்கு வருகிறேன். அந்த லைன் வந்த ஆண்டில் ஆட்கள் நிற்கவில்லை. ஒரே திருகை ஒரே மாதிரி நாள் முழுக்க முடுக்கும் வேலை பிடிக்காமல் வந்த வேகத்தில் போனார்கள். ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்த ஓராண்டில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில்தான் 1914 ஜனவரி 5-ஆம் தேதி ஐந்து டாலர் அறிவிப்பு வந்தது. அதுவரை ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலர். இனி எட்டு மணி நேரத்துக்கு ஐந்து. பெரிய முடிவுதான், உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. ஆனால் ஐந்து டாலரில் ஏறக்குறைய பாதிதான் சம்பளம், மீதி இலாபத்தில் பங்கு. அந்தப் பங்கைப் பெறத் தகுதியானவனா என்று பார்க்க நிறுவனத்தில் சமூகவியல் துறை என்று ஒரு துறையே ஏற்பட்டது. அதன் விசாரணையாளர்கள் தொழிலாளியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீடு சுத்தமா, குடிக்கிறானா, சேமிக்கிறானா, உடன் வாழ்பவள் மணந்த மனைவிதானா, வாடகைக்கு வெளியாட்களைத் தங்கவைத்திருக்கிறானா என்று குறிப்பெடுத்தார்கள். பெண் தொழிலாளர்களுக்குத் தொடக்கத்தில் அந்தப் பங்கே கிடையாது. அறிவிப்பைக் கேட்டு வேலைக்காக ஹைலண்ட் பார்க் வாசலில் உறையும் குளிரில் திரண்ட கூட்டத்தின் மீது தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சியடித்தார்கள். பனியில் நனைந்த கம்பளி உடை என்ன செய்யும் என்று மிச்சிகனில் ஒரு ஜனவரியைக் கழித்த எவருக்கும் தெரியும்.

“சம்பளமும் உயர்ந்தது, வீட்டுக்குள் கண்ணும் வந்தது” என்று என் மாணவி எழுதினாள். பதின்மூன்று வயதில் எவ்வளவு நியாயமான வாக்கியம்! நிறுவனத்துக்குரிய புகழையும் கொடுத்து, அதற்கு மனிதர்கள் கொடுத்த விலையையும் சொல்லியிருந்தாள். அதை எடுத்துவிட்டு “அனைவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்” என்று போட்டிருக்கிறீர்கள்.

இதே பத்தியில் அவள் சேர்த்திருந்த இன்னொரு செய்தியும் போய்விட்டது. தமிழ்ப் பள்ளி நடத்தும் நாம் அதை எப்படி வெட்ட முடிந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஐந்து டாலர் அறிவிப்பு வந்த அதே 1914 ஜனவரியில், தங்கள் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் கொண்டாட வேலைக்கு வராமல் இருந்த கிரேக்க, ரஷ்யத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 900 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அமெரிக்காவில் வாழ வந்தவர்கள் அமெரிக்க விடுமுறையைத்தான் கொண்டாட வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஃபோர்டு ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. கற்றுக்கொடுத்தது நல்லதுதான். ஆனால் அதன் பட்டமளிப்பு விழா எப்படி நடந்தது தெரியுமா? மேடையில் ஒரு பெரிய பானை. தத்தம் நாட்டு உடையில், கையில் துணிமூட்டையுடன் தொழிலாளர்கள் ஒரு பக்கமாக அதற்குள் இறங்குவார்கள். ஆசிரியர்கள் நீண்ட அகப்பையால் கிண்டுவார்கள். மறுபக்கம் எல்லோரும் ஒரே மாதிரி அமெரிக்க கோட்டும் சூட்டுமாக, கையில் கொடியை ஆட்டிக்கொண்டு ஏறி வருவார்கள்.

இதைப் படித்த அன்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “அப்படியென்றால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருந்திருக்காதா சார்?” என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பொங்கல் வாரநாளில் வந்தால் விடுப்புக் கேட்கத் தயங்கி, அடுத்து வரும் சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் பொங்கல் வைத்துக்கொள்கிறவர்கள் நாம். அந்த 900 பேரை நமக்குத் தெரியாதவர்கள் என்று எப்படி ஒதுக்கினீர்கள்? ஃபோர்டு தமிழ்நாட்டில் கார் செய்த ஊரின் பெயர் மறைமலை நகர். தாய்மொழியைத் தூய்மையாக வைத்திருக்கப் பாடுபட்டு, தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டவரின் பெயர் அது. நம் வகுப்பில் அந்த ஊரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் இருக்கிறான். 2021 செப்டம்பரில் நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும், அடுத்த ஆண்டு அந்த ஆலையில் கடைசி கார் வெளியே வந்ததும் அவன் வீட்டில் பேசப்படும் கதைகள். ஃபோர்டின் வரலாறு நம் பிள்ளைகளுக்கு வெறும் பாடம் இல்லை.

இனி, முழுவதுமாக வெட்டப்பட்டவை.

முதலாவது, நாளிதழ்களும் புத்தகங்களும் நூறாண்டாகப் பேசிவரும் ஒரு விஷயம். ஹென்றி ஃபோர்டு ‘டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்’ என்ற வார இதழை விலைக்கு வாங்கி 1919 முதல் நடத்தினார். 1920 மே மாதம் தொடங்கி 91 இதழ்களில் யூதர்களை உலகத்தின் பகைவர்களாகச் சித்தரிக்கும் தொடர் அதில் வந்தது. கார் விற்கும் டீலர்கள் அந்த இதழுக்குச் சந்தா சேர்க்கும்படி நெருக்கப்பட்டார்கள். அந்தக் கட்டுரைகள் தொகுக்கப்பட்டு ஜெர்மன் மொழிக்குப் போயின. ஆரன் சபைரோ என்ற வழக்கறிஞர் தொடுத்த அவதூறு வழக்குக்குப் பிறகு 1927-இல் ஃபோர்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், ஆண்டு முடிவில் இதழ் நின்றது. ஆனால் 1938-இல், தன் 75-ஆவது பிறந்தநாளில், ஹிட்லர் அரசு அளித்த கழுகுப் பதக்கத்தை அவர் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது, 1932 மார்ச் 7. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் டெட்ராய்ட்டிலிருந்து, டியர்பார்னில் இருந்த ஃபோர்டின் ரூஜ் ஆலைக்கு நடந்தார்கள். வேலை கொடுங்கள், மருத்துவம் கொடுங்கள், கறுப்பினத்தவரைப் பாகுபடுத்தாதீர்கள், ஆலைக்குள் ஒற்றர்களை வைக்காதீர்கள் என்று கேட்கப் போனார்கள். டியர்பார்ன் நகர எல்லையில் கண்ணீர்ப்புகை. மில்லர் சாலையில் ஆலை வாசலருகே தண்ணீர்க் குழாய். அதன்பின் காவல்துறையும் ஃபோர்டின் காவலாட்களும் சுட்டார்கள். ஜோ யார்க், கோல்மன் லெனி, ஜோ டிபிளாசியோ, ஜோ பஸ்ஸல் ஆகிய நால்வர் இறந்தார்கள். பஸ்ஸலுக்கு வயது 16. காயம்பட்ட கர்டிஸ் வில்லியம்ஸ் சில மாதங்கள் கழித்து இறந்தார். நால்வரும் வுட்மியர் இடுகாட்டில் புதைக்கப்பட்டார்கள். வில்லியம்ஸ் கறுப்பினத்தவர் என்பதால் அங்கே அவருக்கு ஆறடி நிலம் மறுக்கப்பட்டது. இந்தச் சாவுகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தப் பத்தியை அவள் இணையத்திலிருந்து எடுத்து எழுதவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு முதியவர் இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். ரூஜ் ஆலையில், இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்படச் சாலையில் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா 1920-களில் ஜார்ஜியாவிலிருந்து, தேவாலயப் பாதிரியாரின் சிபாரிசுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஃபோர்டு வேலைக்கு வந்தவராம். அந்த நாளில் டெட்ராய்ட்டில் கறுப்பின மக்களுக்கு ஃபோர்டு அளவுக்கு வேலை கொடுத்த நிறுவனம் வேறில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. வேலை பெரும்பாலும் வார்ப்படச் சாலையின் வெக்கையில்தான் என்பதையும் அவரே சொன்னார். ஆலை இருந்த டியர்பார்னில் கறுப்பினத்தவர் குடியிருக்க முடியாது. அதனால் இங்க்ஸ்டரிலிருந்து நாள்தோறும் வந்துபோனார்கள். அவள் கைபேசியில் பதிவு செய்து, எழுதி, என்னிடம் காட்டி, ‘வார்ப்படம்’ என்ற சொல்லுக்காக அகராதி புரட்டி முடித்த பத்தி அது. அவளுடைய தமிழில் நான் திருத்தியது ஒற்றுப்பிழைகளை மட்டுமே.

அவள் அம்மாவும் நானும் உடன்செல்ல, ஏப்ரலில் ஒருநாள் வுட்மியருக்கும் போனோம். பனி உருகிய ஈரத் தரை. வரிசையாகச் சின்னக் கற்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நட்டவை. அதுவரை அந்த மண்ணுக்குமேல் பெயரே இல்லை. அவள் குனிந்து ஒவ்வொரு பெயராகத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். ‘பஸ்ஸல்’ என்பதற்கு எத்தனை ‘ஸ்’ என்று என்னைக் கேட்டாள். நீங்கள் வெட்டியது அந்தப் பெயர்களை.

உங்கள் மூன்று காரணங்களுக்கும் பதில் சொல்கிறேன்.

பெற்றோரில் பலர் அங்கே பணிபுரிகிறார்கள் என்கிறீர்கள். உண்மை. அவர்களில் யாராவது வந்து இதை வெட்டுங்கள் என்று கேட்டார்களா? என்னிடம் பேசிய இரு பெற்றோர் அங்கே வேலை செய்பவர்கள்தான். இருவரும் கட்டுரையின் முழுப் படியைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். அந்த நிறுவனமே இந்த வரலாற்றை மறைக்கவில்லை. தன் ஜெர்மன் கிளையில் நாஜி காலத்தில் நடந்த கட்டாய உழைப்பைப் பற்றி ஆவணங்களைத் திரட்டி 2001-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. யூதப் படுகொலையைப் பற்றிய திரைப்படம் ஒன்று 1997-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பர இடைவேளை இல்லாமல் ஒளிபரப்பானபோது அதற்குப் பணம் கொடுத்தது ஃபோர்டுதான். நிறுவனர் செய்ததை நிறுவனம் சுமக்கிறது. நீங்கள் ஒரு சிறுமியின் தாளில் அதை மறைக்கிறீர்கள்.

டெட்ராய்ட் கலைக்கூடத்துக்குப் பள்ளியிலிருந்து பேருந்தில் பிள்ளைகளை அழைத்துப் போகிறோமே, அங்கே நான்கு சுவர்களிலும் ரூஜ் ஆலையை வரைந்தவர் டியகோ ரிவேரா. மெக்சிகோ நாட்டுக்காரர், பொதுவுடைமையாளர். துப்பாக்கிச் சூடு நடந்து சில வாரங்களில் அந்த ஊருக்கு வந்து இறங்கியவர். அந்த ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் ஃபோர்டு. 1933-இல் திறந்தபோது சுவரைச் சுண்ணாம்படித்து மறையுங்கள் என்று ஊரில் பலர் கூச்சலிட்டார்கள். எட்செல் ஒப்பவில்லை. ஓவியம் நிற்கிறது. அதன்முன் நம் பிள்ளைகள் நின்று எடுத்த படம்தான் இந்த மலரின் பின்னட்டை!

குழந்தைகள் மலரில் சாவும் வெறுப்பும் வேண்டாம் என்பது இரண்டாவது காரணம். அதே மலரின் 12-ஆம் பக்கத்தில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதை ஐந்தாம் நிலைப் பிள்ளை எழுதியிருக்கிறான். நல்ல கட்டுரை. அதில் ஒரு சொல்லையும் நீங்கள் மாற்றவில்லை. மாற்றக் கூடாதுதான். கயத்தாற்றுத் தூக்குமரத்தைப் பத்து வயதுப் பிள்ளை தாங்குவான் என்றால், பக்கத்து ஊர் மில்லர் சாலையைப் பதின்மூன்று வயதுப் பெண் தாங்க மாட்டாளா? அவள் தாங்கித்தானே எழுதினாள்.

மூன்றாவது காரணம்தான் என்னை இரவில் தூங்கவிடவில்லை. பிழைக்க வந்த ஊரில் நமக்கெதற்கு வம்பு. இதை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விசா நீட்டிப்புக்குக் காத்திருந்த ஆண்டுகளில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பயத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் அன்று மில்லர் சாலையில் நடந்தவர்களிலும் பிழைக்க வந்தவர்கள் ஏராளம். ஐரோப்பாவின் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள், தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவர்கள். சங்கம் உள்ள ஆலையில் வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது, மேலாளர் நினைத்தால் ஒருவனைத் தெருவில் விட முடியாது என்று இன்று நாம் காணும் நிலை அவர்களால் வந்தது. 1937 மே 26-இல் அதே மில்லர் சாலை மேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்கப் போன தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ரூதரையும் தோழர்களையும் ஃபோர்டின் ஆட்கள் அடித்து, படிக்கட்டில் உருட்டினார்கள். படம் எடுத்த பத்திரிகையாளர், உண்மையான படத்தகடுகளைக் கார் இருக்கைக்குப் பின்னே ஒளித்துவிட்டு வெற்றுத் தகடுகளை அந்த ஆட்களிடம் கொடுத்துத் தப்பித்ததால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1941 ஜூனில், ஃபோர்டு நிறுவனம் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. எதிர்வீட்டுப் பெரியவரின் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் அந்த வழியில் வந்தவை. அவர் அதைச் சொல்லாமல் பேச்சை முடித்ததே இல்லை.

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. 2019 தொடக்கத்தில் டியர்பார்ன் வரலாற்று அருங்காட்சியகத்தின் இதழில் ஃபோர்டின் வார இதழைப் பற்றி, அவர் அதை நடத்தத் தொடங்கி நூறாண்டு ஆனதையொட்டி, ஒரு நீண்ட கட்டுரை அச்சாகியிருந்தது. நகர மேயர் அந்த இதழை அனுப்பவிடாமல் தடுத்தார். இதழாசிரியரின் ஒப்பந்தமும் முடிக்கப்பட்டது. சில நாட்களில் கட்டுரை வேறிடத்தில் வெளியாகி, சந்தாதாரர் சில நூறு பேர் படித்திருக்க வேண்டியதை நாடு முழுதும் பேசியது. என் மாணவி அந்தச் செய்தியையும் படித்திருக்கிறாள். தன் கட்டுரைக்கும் அதுவே நடக்கும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள்.

ஞாயிறு வகுப்புக்கு வந்தாள். மலரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இடைவேளையில் மட்டும், “சார், அந்தத் தாத்தாவுக்கு ஒரு பிரதி கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் வாசித்து மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது எதை வாசிப்பது?” என்று கேட்டாள். அவர் நேரில் சொன்னதை நீக்கி, அவர் சொல்லாததைச் சேர்த்து, அதை அவர் முன்னால் வாசிக்கும் நிலையில் ஒரு பிள்ளையை நிறுத்தியிருக்கிறீர்கள்.

என் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்கிறேன்.

கட்டுரையை அவள் எழுதிய ஏழு பத்திகளுடன், அவள் எழுத்துப்படியே, நான்கு பக்க இணைப்பாக அச்சிட்டு, மலர் பெற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுங்கள். இணைப்பின் முதல் பக்கத்தில், மலரில் வந்த நான்காம் பத்தி மாணவி எழுதியதன்று, குழு மாற்றியது என்று ஒரு வரி இருக்க வேண்டும். அவள் பெயரில் பொய் நிற்கக் கூடாது. இன்னும் விநியோகிக்காத பிரதிகள் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. இணைப்பு தயாராகும்வரை அவற்றைக் கொடுக்காதீர்கள். அச்சுச் செலவு இடையூறு என்றால் நான் தருகிறேன், அதை ஒரு காரணமாக்க வேண்டாம்.

குழுவில் இந்த மாற்றத்தைச் செய்தவர் அவளிடம் நேரில் பேச வேண்டும். யாரென்று ஊரறியச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. அவளும் அவள் பெற்றோரும் இருக்கும்போது, ஏன் மாற்றினோம் என்று சொல்லி வருத்தம் தெரிவித்தால் போதும்.

அடுத்த ஆண்டு முதல் எந்த மாணவரின் எழுத்தையும், எழுத்துப்பிழை தவிர, அவருடைய ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது என்ற விதியை மலர்க் குழுவின் வழிகாட்டுதலில் எழுத்தில் சேருங்கள். நீக்க வேண்டும் என்று தோன்றினால் அச்சுக்கு முன்பு ஆசிரியரையும் மாணவரையும் அழைத்துப் பேசுங்கள். வர நான் எப்போதும் தயார், மற்ற ஆசிரியர்களும் வருவார்கள்.

கடைசியாக, வசந்தகாலச் சுற்றுலாவில் கார் அருங்காட்சியகத்துடன் வுட்மியர் இடுகாட்டையும் மில்லர் சாலையையும் சேருங்கள். வழிகாட்டியாக நானே வருகிறேன். எதிர்வீட்டுப் பெரியவரும் உடல்நிலை இடம் கொடுத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இம்மாதக் கடைசி ஞாயிறு பொதுக்குழு கூடுகிறது. அதற்கு முன்பு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் இந்த மடலையும் அவளுடைய ஏழு பத்திகளையும் பொதுக்குழுவில் வாசிக்க அனுமதி கேட்பேன். அவள் பெற்றோரிடம் கேட்டுவிட்டேன். அவளிடமும் கேட்டேன். தானே வாசிப்பதாகச் சொன்னாள்.

ஏழாம் நிலை ஆசிரியர்